ஆம்பளைன்னா தாங்கிக்கணுமா?

மாதக் கூட்டம் என்று கூடினால் நமக்குப் பேச ஆயிரம் விஷயம் இருக்கு. மாப்பிள்ளைச் சம்பா தூர் கட்டினது, மீன் அமிலத்துக்கு எத்தனை நாள், கருப்புக்கவுனிக்கு இந்த வருஷம் என்ன விலை. எல்லாம் முடிந்து வண்டியை எடுக்கிற நேரத்தில் ஒருத்தர் மெல்ல, "ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குது அண்ணே" என்பார். கேட்டவர், "எல்லாம் சரியாப் போயிடும் தம்பி" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவார். இரண்டு பேருமே நல்லவர்கள்தான். ஆனால் அதுக்கு மேல எப்படிப் பேசுவதென்று இரண்டு பேருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

2022-ஆம் ஆண்டுக்குத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கொடுத்த கணக்கைப் பாருங்கள். அந்த ஒரு வருடத்தில் நாட்டில் தற்கொலை செய்துகொண்ட சாகுபடி விவசாயிகள் 5,207 பேர். அதில் ஆண்கள் 4,999, பெண்கள் 208. விவசாயக் கூலித் தொழிலாளர்கள் 6,083 பேர், அதில் ஆண்கள் 5,472. இந்த 208 என்ற எண்ணை அப்படியே நம்பிவிட முடியாது. பட்டா புருஷன் பெயரில் இருந்தால், நாத்து நட்டு களை பறித்த பெண் செத்தாலும் "இல்லத்தரசி" என்றுதான் எழுதுவார்கள். அந்தக் குறையைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் ஆண்களின் எண்ணிக்கை மலைபோல நிற்கிறது.

ஏன் என்று கேட்டால் உடனே "கடன்" என்பார்கள். கடன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கடன் நம் ஊரில் வெறும் பணக்கணக்கு இல்லை, மரியாதைக் கணக்கு. பாகம் பிரித்து வந்த மூணு ஏக்கரில் ஒரு ஏக்கரை விற்றவனை, "அப்பன் வச்சதைக் காப்பாத்தத் துப்பில்லாதவன்" என்று ஊர் சொல்லும். பெண்டாட்டி கழுத்துச் சங்கிலி கூட்டுறவு வங்கிக்குப் போனால், கல்யாண வீட்டில் அந்தக் கழுத்தை எல்லோரும் பார்ப்பார்கள். மொய் நோட்டில் போன தடவை அவர் எழுதியதைவிடக் குறைத்து எழுத முடியாது. மகளிர் குழுக் கடன் மனைவி பெயரில் இருக்கும். வசூலுக்கு ஆள் வருகிற சாயங்காலம் புருஷன் தோட்டத்துப் பக்கம் போய்விடுவார். அவர் ஓடி ஒளிகிறார் என்று பேசுவது சுலபம். வாசலில் நின்று "இல்லை" என்று சொல்ல அந்த மனுஷனுக்கு வாய் வரவில்லை என்பதுதான் விஷயம்.

2016 மார்ச்சில் தஞ்சாவூர்ப் பக்கம் டிராக்டர் கடன் பாக்கிக்காக ஒரு விவசாயியை வயலில் வைத்துப் போலீசார் அடித்து இழுத்துப் போன காட்சியை நாடே பார்த்தது. அடி பட்டது ஒருத்தர் மேல். தவணை பாக்கி வைத்திருந்த எத்தனை பேர் அன்றைக்கு ராத்திரி தூங்கியிருப்பார்கள்?

அதே வருடம் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டம் என்று அரசு அறிவித்தது. டெல்டாவில் சாவு மேல் சாவு விழுந்தது. பிறகு உச்ச நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு சொன்னது, சாவுக்கு வறட்சி காரணமில்லை, சொந்தக் காரணம் என்று. எனக்கு அந்தச் சொல்தான் இன்னும் உறுத்துகிறது. காய்ந்த பயிரால் கடன், கடனால் வீட்டில் சண்டை, சண்டை வந்ததால் குடி. கடைசியில் காகிதத்தில் விழுவது "குடும்பப் பிரச்சினை". மழையும் விலையும் வங்கியும் அந்தக் காகிதத்தில் இருக்காது.

அந்த வருடம் மார்ச், ஏப்ரலில் 41 நாள், அய்யாக்கண்ணு தலைமையில் நம் விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். மண்டையோட்டை முன்னால் வைத்து, பாதித் தலையை மழித்துக்கொண்டு, எலியை வாயில் கவ்விக்கொண்டு. "இதென்ன கூத்து" என்று சிரித்தவர்கள் உண்டு. நான் அதை வேறுமாதிரிப் பார்க்கிறேன். வீட்டுக்குள் தனித்தனியாக மறைத்து வைத்திருந்த அவமானத்தை அறுபது, எழுபது வயது ஆம்பிளைகள் நடுத்தெருவில் கூட்டாக எடுத்து வைத்தார்கள். கோரிக்கை கிடைத்ததா இல்லையா என்பது வேற கதை.

சின்ன வயதிலேயே இது ஆரம்பித்துவிடுகிறது. "பொட்டப்புள்ள மாதிரி அழாத" என்று ஐந்து வயதுப் பையனிடம் சொல்கிறோம். அதில் பெண்ணுக்கும் ஒரு குட்டு, பையனுக்கும் ஒரு குட்டு. வளர்ந்த பிறகு அவனுக்குக் கோபப்படலாம், குடிக்கலாம், ரெண்டுக்கும் ஊர் அனுமதி உண்டு. மனசு சோர்ந்து போச்சு என்று சொல்ல மட்டும் அனுமதி இல்லை. அதனால் அது வேற வேஷத்தில் வெளியே வரும். எப்பவும் தலைவலி, இடுப்பு வலி என்பார், ஊசி போட்டுக்கொண்டு வருவார். சும்மா எரிந்து விழுவார். விடியற்காலை மூணு மணிக்கே முழிப்பு வந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார். வாய்க்கால் உடைந்து தண்ணீர் வீணாய்ப் போனாலும் மண்வெட்டியை எடுக்க மாட்டார். இப்போது முப்பத்தைந்து வயதுப் பையன்களுக்கு இன்னொரு பாரம்: "விவசாயம் பாக்குற மாப்பிள்ளையா, வேண்டாம்." இதை நாலு இடத்தில் கேட்டவனுக்குத் தன் தொழில் மேலேயே வெறுப்பு வரத்தான் செய்யும்.

இயற்கை விவசாயிக்கு இதெல்லாம் வராது என்று நினைக்காதீர்கள். வெளியில் வட்டிக்கு வாங்கி உரக்கடையில் கொட்டுவது குறைகிறது, அது பெரிய நிம்மதி. ஆனால் மாறுகிற முதல் இரண்டு மூன்று வருடம் மகசூல் இறங்கலாம் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததே. அந்த நேரத்தில் பக்கத்து வயல் பச்சையாக நிற்கும், நம் வயல் வெளுத்து நிற்கும். "மூத்திரத்தைத் தெளிச்சா வெளையுமா?" என்று டீக்கடையில் சிரிப்பார்கள். வீட்டில் அப்பாவே பேச்சை நிறுத்திவிடுவார். இயற்கை வேளாண் மேடைகளிலோ ஏக்கருக்கு இத்தனை லட்சம் எடுத்தவருக்குத்தான் மைக் கிடைக்கிறது. விளையாதவர் எங்கே போய்ச் சொல்வார்? கேலி செய்த ஊரிடமும் சொல்ல முடியாது, கொள்கை பேசும் தோழர்களிடமும் சொல்ல முடியாது. வட்டக் கூட்டங்களில் "இந்தப் பட்டத்தில் எது போச்சு" என்று முதல் அரை மணி நேரம் பேசினால் என்ன? நட்டம் வந்தவர் முதலில் பேசட்டும், லாபம் எடுத்தவர் பிறகு பேசிக்கொள்ளலாம்.

ஒருவரிடம் மாற்றம் தெரிந்தால் எப்படிக் கேட்பது? நேருக்கு நேர் உட்கார வைத்து விசாரித்தால் ஆம்பிளைகள் பெரும்பாலும் வாயைத் திறக்க மாட்டார்கள். சேர்ந்து வாய்க்கால் வெட்டும்போது, வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது பேச்சு தானாக வரும். புத்திமதி வேண்டாம். "உனக்கு என்ன குறை, மத்தவனைப் பாரு" என்பது அடியோடு வேண்டாம். "மாமா, கொஞ்ச நாளா நீங்க நீங்களாவே இல்ல, என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். "உயிரை விட்டுரலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணத்தை நாம் ஊட்டினதாக ஆகிவிடும் என்ற பயம் பலருக்கு. அப்படி ஆகாது, சொல்ல முடியாமல் தவித்தவருக்கு அது பாரத்தை இறக்கி வைக்கிற இடம். "ஆமா" என்றால் அவரைத் தனியாக விடாமல் கூடவே இருந்து மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவை இருக்கிறது, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். 104-லும் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. கேஸ் ஆகிவிடுமோ என்று மறைக்கவும் வேண்டாம். முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்க்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சை தர வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது.

இன்னொன்று, நமக்கே உரிய வேலை. இலங்கையில் 1995 வாக்கில் தற்கொலை உலகத்திலேயே மிக அதிகமான நாடுகளில் ஒன்றாக இருந்தது. கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள், அடுத்த இருபது ஆண்டுகளில் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. கடன் தீர்ந்ததால் இறங்கவில்லை, வறுமை ஒழிந்ததாலும் இல்லை. ஆத்திரத்தில் வருகிற அந்தக் கொஞ்ச நேரத்தைத் தாண்டிவிட்டால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள். நம் கடலூர் மாவட்டத்திலும் மருந்துகளை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொது இடத்தில் பூட்டி வைக்கும் முயற்சியைச் சினேகா செய்து பார்த்து, நல்ல பலன் என்று எழுதியிருக்கிறார்கள்.

நாம் இயற்கைக்கு மாறி ஐந்து வருடம் ஆகியிருக்கும். ஆனாலும் மாட்டுக்கொட்டகை எரவானத்தில், மோட்டார் ரூம் மூலையில் பழைய டப்பா ஒன்றிரண்டு கிடக்கும். "எதுக்காவது ஆகும்"னு வைத்தது. நாளைக்கே போய்த் தேடிப் பாருங்கள். கிணற்றிலோ வாய்க்காலிலோ கொட்டிவிடாதீர்கள், எரிக்கவும் வேண்டாம். மூடி இறுகி இருக்கிறதா என்று பார்த்து, தனியாகப் பூட்டி வைத்துவிட்டு, வட்டார வேளாண்மை அலுவலகத்தில் கேட்டு ஒப்படையுங்கள்.