கண்காணிப்பு கேமரா அசைவை எப்படி அறிகிறது?

வாசலில் மாட்டிய கேமரா, மரக்கிளை ஆடினாலும் கைபேசிக்கு எச்சரிக்கை அனுப்பினால், கருவியில் கோளாறு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அது தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. கேமராவுக்குள் படம் என்பது எண்களின் தொகுப்பு. 1920-க்கு 1080 அளவுள்ள படத்தில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றின் ஒளிர்வும் பொதுவாக 0 முதல் 255 வரையிலான ஓர் எண். எளிய முறையில், அடுத்தடுத்த இரு படங்களின் எண்களைக் கழித்துப் பார்த்து, வரம்பு மீறி மாறிய புள்ளிகள் போதிய அளவு சேர்ந்தால் அசைவு என்று முடிவுசெய்கிறது. ஆகவே அதற்குத் தெரிவது மாற்றம் மட்டுமே. மேகம் விலகி வெயில் அடித்தாலும், வண்டியின் வெளிச்சம் சுவரில் விழுந்தாலும் எண்கள் மாறத்தான் செய்யும். 1999-இல் எம்.ஐ.டி.யின் கிறிஸ் ஸ்டாஃபரும் எரிக் கிரிம்சனும் ஒவ்வொரு புள்ளியும் வழக்கமாக ஏற்கும் நிறங்களைக் கணினிக்குப் பழக்கும் முறையை வெளியிட்டார்கள். இலையாட்டத்தைப் பின்னணியாகவே கொள்ள அது உதவியது. ஆனால் திடீர் ஒளிமாற்றம் அதையும் குழப்பும்.

வெப்ப உணரி இருந்தால் போதாதா என்று கேட்கலாம். பேட்டரி கேமராக்கள் பலவற்றில் அது உண்டு. உடலிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை அதன் இரு பாதிகளும் தனித்தனியே வாங்குகின்றன. ஒன்றுக்கொன்று வேறுபட்டால்தான் சமிக்ஞை பிறக்கும். நிழலுக்கு அது ஏமாறுவதில்லை. ஆனால் நேர் எதிரே நடந்து வருபவரை அது தாமதமாகவே உணரும். குறுக்கே நடப்பவரை உடனே உணரும். கத்திரி வெயிலில் சுவரின் சூடு உடல்சூட்டை நெருங்கினால் வேறுபாடு மங்கும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும்.

மனிதரை அடையாளம் காணும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே என்பது அடுத்த வாதம். அது வீண் எச்சரிக்கைகளைக் குறைப்பது உண்மைதான். ஆனால் பல கேமராக்களில், முதல் கட்டம் அசைவு என்று சொன்ன பிறகே அது படத்தை ஆராய்கிறது. அங்கே தவறியது அதன் பார்வைக்கே வராது. உணர்திறனைக் கூட்டினால் வீண் எச்சரிக்கை பெருகும். குறைத்தால் ஆளே தப்பிவிடலாம். இரண்டையும் ஒருசேரத் தீர்க்க வழி, மாற்றத்தையே தெளிவாக்குவதுதான்: வருபவர் குறுக்கே கடக்கும் கோணம், தெருவும் மரமும் நீங்கிய கண்காணிப்புப் பரப்பு, நிலையான வெளிச்சம். வீண் எச்சரிக்கைகளால் சலித்து அறிவிப்பை அணைத்துவிட்ட வீட்டில், எவ்வளவு விலையுயர்ந்த கேமராவும் காவல் ஆகாது. எதை வாங்குவது என்று யோசிக்கும் அளவுக்கு, எங்கே மாட்டுவது என்றும் யோசிக்க வேண்டும்.