குத்துக்கல்லும் முதல் கியரும்

ஒரே இடத்தில் அசையாமல் நிற்பவரைப் பார்த்து, "என்ன, குத்துக்கல் மாதிரி நிற்கிறாய்?" என்று கேட்பது நம் வீடுகளில் வழக்கம். தென்காசியை ஒட்டி ஓர் ஊர் இருக்கிறது. அதன் பெயரே குத்துக்கல்வலசை! குத்துக்கல் என்றால் நட்டு வைத்த கல். வலசை என்றால் ஓரிடம் விட்டு ஓரிடம் பெயர்ந்து போவது. நிற்பதும் நகர்வதும் ஒரே பெயருக்குள் குடித்தனம் நடத்துகின்றன.

மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ளும் பெண்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. அந்த வித்தையில் சங்கடமான கட்டம், குத்துக்கல்லாக நிற்கும் வண்டியை வலசைக்குக் கிளப்புகிற அந்த ஒரு விநாடிதான். அதாவது, முதல் கியர் போடும் விநாடி. காலால் மிதித்தால் 'கடக்' என்று ஒரு சத்தம். வண்டி உதறுகிறது; நெஞ்சும் கூடவே உதறுகிறது. "இது நமக்கு ஒத்து வராது" என்று இறங்கி விடுகிறவர்கள் எத்தனை பேர்!

"கியர் இல்லாத ஸ்கூட்டர்தான் இருக்கிறதே, பெண்களுக்கு இந்த வம்பு எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1980-ல் வந்த டி.வி.எஸ். 50-ம், 1994-ல் வந்த ஸ்கூட்டியும் எத்தனையோ பெண்களை பஸ் நிறுத்தத்திலிருந்து விடுதலை செய்தன. 2018-ம் ஆண்டு பிப்ரவரியில், வேலைக்குப் போகும் பெண்கள் இரு சக்கர வண்டி வாங்க, விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய் மானியம் தரும் திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு தொடங்கியது. இதெல்லாம் நல்ல சங்கதிதான். ஆனால் எல்லார் வீட்டிலும் இரண்டு வண்டி நிற்பதில்லையே!

ஒரு வீட்டை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். குத்துக்கல்வலசையில் ஒரு சின்ன வீடு. வீட்டுக்காரருக்குக் காலில் எலும்பு முறிவு. ஆறு வாரம் கட்டுப் பிரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார் டாக்டர். மனைவிக்குத் தென்காசியில் வேலை. பையனைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும். மாமியாருக்கு மருந்து வாங்க வேண்டும். குற்றாலத்துச் சீசன் வந்துவிட்டால் ஆட்டோக்களெல்லாம் அருவிப் பக்கம் பறந்துவிடும். வாசலிலோ கணவரின் மோட்டார் சைக்கிள், டாங்கி நிறையப் பெட்ரோலுடன், சும்மா நிற்கிறது. கல்லூரி நாளில் ஸ்கூட்டர் ஓட்டிய கைதான் அவளுடையது. ஆனால் இந்த வண்டியில் கை வைக்கத் தயக்கம். அந்த ஒற்றைக் 'கடக்'குக்குப் பயந்து ஒரு குடும்பத்தின் காலே கட்டுப்பட்டுக் கிடக்கிறது!

இது கற்பனை வீடுதான். ஆனால் இப்படிப்பட்ட வீடு உங்கள் தெருவிலும் ஒன்று இருக்கும்.

முதலில் லைசென்ஸ்

ஒரு விஷயத்தை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், கியர் இல்லாத மோட்டார் சைக்கிள், கியர் உள்ள மோட்டார் சைக்கிள் என்று இரண்டு ஜாதியாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஸ்கூட்டருக்கு வாங்கிய லைசென்ஸ் கியர் வண்டிக்குச் செல்லாது. 2019-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு, உரிய லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம். ஆகவே பழகுநர் உரிமத்துக்கு முதலில் மனுப் போடுங்கள். அது ஆறு மாதம் செல்லும். முப்பது நாள் கழிந்ததும் ஓட்டிக் காட்டி, நிரந்தர லைசென்ஸ் வாங்கிக்கொள்ளலாம். முன்னும் பின்னும் 'எல்' எழுத்தை ஒட்டிக்கொள்ள வெட்கப்பட வேண்டாம். பிள்ளைகூடத் தவழ்ந்துவிட்டுத்தானே நடக்கிறது?

'கடக்' என்று ஏன் கத்துகிறது?

சத்தத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

எஞ்சின் உயிரோடு இருக்கும்வரை சுற்றிக்கொண்டேதான் இருக்கும். வண்டி நிற்கும்போதும் அது நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்றுக்குக் குறையாமல் சுற்றுகிறது. பின் சக்கரமோ அசையாமல் நிற்கிறது. சுற்றுகிற எஞ்சினுக்கும் நிற்கிற சக்கரத்துக்கும் நடுவே கியர் பெட்டி. எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே கிளட்ச்.

வண்டி நியூட்ரலில் இருக்கிறது; கிளட்ச் பிடியை நீங்கள் தொடவில்லை. அப்போது கியர் பெட்டிக்குள் ஒரு தண்டு, எஞ்சினோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருக்கும். அதோடு கோத்த முதல் கியர்ச் சக்கரமும் சுற்றும். பின் சக்கரத்தோடு சேர்ந்த இன்னொரு தண்டு நிற்கும். முதல் கியர் போடுவது என்றால், சுற்றுகிற சக்கரத்தின் பக்கவாட்டுப் பற்களையும் நிற்கிற தண்டின் பற்களையும் ஒன்றோடொன்று மாட்டுவது. ஒருத்தி ஓடுகிறாள், ஒருத்தி நிற்கிறாள். இருவரையும் திடீரென்று கைகோக்கச் சொன்னால் முட்டிக்கொள்ளத்தானே செய்வார்கள்? காரில் இரண்டின் வேகத்தையும் சமப்படுத்தித் தர வளையங்கள் உண்டு. மோட்டார் சைக்கிளில் அந்த வசதி பொதுவாகக் கிடையாது.

"கிளட்சைப் பிடித்துவிட்டுத்தானே மிதிக்கிறேன்?" என்பீர்கள். சரி, மின்விசிறியின் சுவிட்சை அணைத்ததும் இறக்கை உடனே நின்றுவிடுகிறதா? அதே கதைதான் இங்கேயும். கிளட்சைப் பிடித்தாலும் உள்ளே சுற்றிக்கொண்டிருந்த தண்டு அடங்கக் கொஞ்சம் அவகாசம் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. மோட்டார் சைக்கிளின் கிளட்சில் தட்டையான வட்டத் தகடுகள் பல அடுக்கியிருக்கும். பெரும்பாலான வண்டிகளில் அவை எண்ணெயில் நனைந்தே கிடக்கும். சூட்டோடு அடுக்கிய நெய்த் தோசைகளைச் சற்று ஆறவிட்டுப் பிரித்துப் பாருங்கள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். கிளட்ச் தகடுகளும் அப்படியே. இரவெல்லாம் சும்மா நின்ற வண்டியில், எண்ணெய் கெட்டியாகி, தகடுகள் பிரிய மனமில்லாமல் ஒட்டிக்கொள்கின்றன. நீங்கள் பிடியை இழுத்தாலும் உள்ளே தண்டு எஞ்சினோடு இழுபடுகிறது. சாரல் தூவும் ஆனி, ஆடிக் காலைகளில் முதல் தடவை கியர் போடும்போது மட்டும் சத்தம் பலமாகக் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

லேசான 'டக்' சத்தத்துக்குப் பயப்படத் தேவையில்லை. அது பற்கள் மாட்டிக்கொண்டன என்பதற்கு அடையாளம். தினமும் 'கடக்' என்று அதிர வைத்தால்தான் ஆபத்து. பற்களின் முனை நாளடைவில் மழுங்கிப் போகும். பிறகு ஓடும்போதே கியர் தானாகக் கழன்று கொள்ளும். எஞ்சினைப் பிரித்துப் போட வேண்டிய செலவு அது.

செய்முறை

சமையல் குறிப்புப் போலவே எழுதித் தருகிறேன்.

1. காலையில் எஞ்சினைக் கிளப்புமுன், வண்டியை இரண்டாம் கியரில் போட்டு, கிளட்சை முழுக்கப் பிடித்துக்கொண்டு, முன்னும் பின்னும் நாலு தரம் உருட்டுங்கள். முதலில் கனக்கும், பிறகு இலேசாக உருளும். தகடுகள் பிரிந்துவிட்டன என்று அர்த்தம். நியூட்ரலுக்குக் கொண்டு வாருங்கள். பச்சை விளக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. எஞ்சினைக் கிளப்பியதும் உடனே கியர் போட வேண்டாம். குளிர்ந்த எஞ்சின் ஆரம்பத்தில் வேகமாகச் சுற்றும். அது அடங்கி நிதானப்படும்வரை, ஹெல்மெட் வாரை மாட்டிக்கொள்ளுங்கள். சேலைத் தலைப்பை, துப்பட்டாவை இடுப்பில் இறுகச் செருகிக்கொள்ளுங்கள்.

3. பக்க ஸ்டாண்டை எடுத்துவிட்டீர்களா? இப்போதைய வண்டிகள் பலவற்றில் ஸ்டாண்டு கீழே இருக்கையில் கியர் போட்டால் எஞ்சின் அணைந்துவிடும். பாவம், பழி கியர் மேல் விழும்.

4. முறுக்குப் பிடியைத் தொடாதீர்கள். கிளட்சைக் கைப்பிடியோடு ஒட்டும்வரை முழுக்க இழுங்கள். அரைகுறையாகப் பிடிப்பதுதான் பாதிச் சத்தத்துக்குக் காரணம்.

5. மனத்துக்குள் "ஒன்று, இரண்டு" என்று எண்ணுங்கள். உள்ளே தண்டு அடங்குகிற நேரம் அது.

6. இப்போது கியரை ஒரே சீராக, கடைசிவரை அழுத்துங்கள். எட்டி உதைக்கவும் வேண்டாம், தொட்டுவிட்டு எடுக்கவும் வேண்டாம். அழைப்பு மணியை அமுக்குவது போல அமுக்குங்கள்.

சில சமயம் இதற்கு நேர்மாறான தொல்லை வரும். நிறைய நேரம் காத்திருந்துவிட்டால் தண்டு அடியோடு நின்றுபோய், பல்லுக்கு எதிரே பல் வந்து நிற்கும். கியர் விழவே விழாது. அப்போது ஆத்திரப்பட்டு மிதிக்கக் கூடாது. பாதத்தால் இலேசாக அழுத்தியபடி, கிளட்சை மயிரிழை விட்டுப் பிடியுங்கள். அல்லது வண்டியை அரை அடி முன்னே உருட்டுங்கள். பல் நகர்ந்து இடம் கொடுக்கும். கியர் தானே விழும்.

எங்கள் பக்கத்து மெக்கானிக்கிடம் நம் கற்பனை வீட்டுப் பெண் போய், "அண்ணாச்சி, கியரே விழமாட்டேங்கு" என்று முறையிட்டால், அவர் என்ன சொல்வார் தெரியுமா? "ஏம்மா அதைப் போட்டு இந்த மிதி மிதிக்கிய? பைய அமுக்குங்க. அது எங்க போயிரப் போவுது?" நெல்லைச் சீமையின் அந்தப் 'பைய' என்ற ஒரே சொல்லில் பாடம் முழுவதும் அடங்கிவிடுகிறது.

நிற்கும்போதே யோசியுங்கள்

கியர் இதமாக விழுவதற்கு, நிறுத்தும்போதே ஏற்பாடு செய்ய வேண்டும். நாலாம் கியரில் வந்து பிரேக்கைப் போட்டு அப்படியே நின்றுவிட்டால், நின்ற வண்டியில் ஒவ்வொரு கியராக இறக்குவது பெரும்பாடு. பற்கள் நகர்ந்தால்தானே மாட்டும், கழலும்? வேகம் குறையக் குறைய மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்கி வாருங்கள். நின்ற பிறகும், பின்னால் வருகிற வண்டி நிற்கும்வரை முதல் கியரிலேயே கிளட்சைப் பிடித்துக் காத்திருப்பது நல்லது. பஸ் ஒன்று நிற்காமல் வந்தால் விலகிப் போக வழி இருக்கும். ரயில்வே கேட் மாதிரி நெடுநேரம் காத்திருக்க வேண்டிய இடத்தில் நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள். கைக்கும் ஓய்வு, கிளட்சுக்கும் ஓய்வு.

வைத்தியம் எப்போது?

இத்தனையும் செய்து பார்த்த பிறகும் சத்தம் குறையாவிட்டால் குற்றம் உங்கள் மேல் இல்லை. மெக்கானிக்கிடம் நாலு விஷயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கிளட்ச் கேபிள் தளர்ந்திருந்தால் பிடியை முழுக்க இழுத்தும் தகடுகள் பிரியாது. பிடியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்ச்சி இருந்தால் போதும். நிற்கும்போது எஞ்சின் வேகம் அதிகமாக வைத்திருந்தால் சத்தமும் அதிகமாகும். செயின் தொங்கினாலும் உதறல் வரும். எஞ்சின் எண்ணெய் பழசானாலும் தொல்லை. மலிவாகக் கிடைக்கிறதென்று காருக்கான எண்ணெயை ஊற்றாதீர்கள். அவற்றில் சிலவற்றில் வழுக்கும் சரக்குக் கலந்திருக்கும்; நனைந்த கிளட்ச் பிடிப்பு இழந்துவிடும்.

பாட்டனார் காலத்துக் கியர்

இன்றைய பெண்களுக்கு இது கஷ்டம் என்றால், பழைய வண்டிகளைப் பற்றிக் கேளுங்கள். 1955-ல் சென்னையில் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்திலிருந்த ராயல் என்பீல்டு கம்பெனியும் சேர்ந்து என்பீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து புல்லட் வண்டிகள் வந்தன. அந்தப் பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில்! முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும். மற்ற மூன்றுக்கும் கீழே மிதிக்க வேண்டும். நியூட்ரலைத் தேடிப் பிடிக்கவென்றே தனியாக ஒரு குட்டி மிதி வேறு வைத்திருந்தார்கள்.

1960-களில் மைசூரில் தயாரான ஜாவா வண்டியிலோ, வண்டியைக் கிளப்புகிற மிதியும் கியர் மிதியும் ஒன்றே. அதில் இன்னொரு விசித்திரம்: கியரை அழுத்தினாலே கிளட்ச் தானாகப் பிரியும். இப்போது வரும் வண்டிகளில் கியர் இடது காலுக்கு வந்துவிட்டது. பெரும்பாலும் முதல் கியர் கீழே, மற்றவை மேலே. சில சிறிய வண்டிகளில் எல்லாமே கீழே. உங்கள் வீட்டு வண்டி எந்த ரகம் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கற்பதற்கு ரோட்டுக்கு ஓட வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், வாசலில், எஞ்சினைக் கிளப்பாமலே ஆரம்பிக்கலாம். கிளட்சைப் பிடித்து, வண்டியை மெல்ல உருட்டியபடி, நியூட்ரலிலிருந்து முதல் கியர், முதல் கியரிலிருந்து நியூட்ரல் என்று இருபது தரம் போட்டுப் பாருங்கள். கால் கட்டோடு நாற்காலியில் சாய்ந்திருக்கும் வீட்டுக்காரர் ஆயிரம் யோசனை சொல்வார். எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் மிதித்தால் 'கடக்' என்றும், நீங்கள் மிதித்தால் 'டக்' என்றும் கேட்கிற நாளில், அவரே வாயை மூடிக்கொண்டு பின் சீட்டில் ஏறிக்கொள்வார்!