பரணில் கிடந்த புத்தகம் வீடியோ பாடமானது எப்படி?

சொந்தச் செலவில் புத்தகம் அச்சடித்து, விற்காத பிரதிகளைப் பரணில் ஏற்றி வைத்திருப்பவர்கள் நம்மில் பலர் உண்டு. சமையல், தையல், சோதிடம், கணக்கு என்று தனக்குத் தெரிந்ததை எழுதி வெளியிட்டவர்கள் இவர்கள். நானும் அப்படி ஒருவன்தான். அந்தப் புத்தகத்தையே வீடியோ பாடமாக மாற்றி, ஓரளவு வருமானம் பார்த்த என் அனுபவத்தை இங்கு தருகிறேன். கம்ப்யூட்டருக்குப் புதியவர்களும் செய்திடக் கூடிய வேலைதான் இது. நான் தொடங்கியபோது எனக்கு மவுஸைச் சரியாகப் பிடிக்கக்கூட வராது.

விருதுநகரில் ஒரு பருப்பு மொத்த வியாபாரக் கடையில் முப்பது ஆண்டுகள் கணக்கு எழுதியவன் நான். சிட்டை, குறிப்பேடு, பேரேடு என்று கையால் எழுதி வந்ததை எக்ஸெல் தொகுப்பில் எப்படிப் பராமரிப்பது என்று சிறு கடைக்காரர்களுக்காக 160 பக்கத்தில் ஒரு புத்தகம் எழுதினேன். 2016 ஜனவரியில் 500 பிரதிகள் அச்சிட்டேன். செலவு 48,000 ரூபாய். இதில் 18,000 சேமிப்பு. மீதி 30,000 ரூபாய் மனைவியின் வளையல்களை அடகு வைத்துப் பெற்றது. 140 பிரதிகள் விற்றன. 60 பிரதிகளை நண்பர்களுக்கு இலவசமாகக் கொடுத்தேன்.

2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தது. என் புத்தகத்தின் மூன்றாவது பகுதி முழுவதும் பழைய வாட் வரிக் கணக்கு. ஒரே நாளில் அந்தப் பகுதி பயனற்றதாகிவிட்டது. மீதமிருந்த 300 பிரதிகளும் பரணுக்குப் போயின. வளையல்களுக்கு ஆண்டுதோறும் வட்டி கட்டி, அடகை மட்டும் புதுப்பித்து வந்தேன்.

2021ல் மகள் தன் பழைய லேப்டாப்பை எனக்குக் கொடுத்தாள். "அப்பா, புத்தகத்தில் எழுதினதைத் திரையில் செஞ்சு காட்டுங்களேன்" என்றாள். அங்கிருந்துதான் தொடங்கியது.

முதலில் ஒப்பந்தத்தைப் பாருங்கள்

கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது. அச்சகத்தில் நேரடியாகப் பணம் கொடுத்து அச்சிட்டிருந்தால் உரிமை முழுவதும் உங்களிடமே இருக்கும். ஆனால், பணம் வாங்கிக் கொண்டு வெளியிட்டுத் தரும் நிறுவனம் ஒன்றின் மூலம் போட்டிருந்தால், கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். அனைத்து வடிவங்களுக்கும் உரிமை கொடுத்தாக எழுதியிருந்தால், வீடியோவும் அதில் அடங்கலாம்.

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவு இங்கு நமக்கு உதவும். உரிமையை எழுதிக் கொடுத்தால்தான் மாற்றம் செல்லும். எத்தனை ஆண்டுகளுக்கு என்று ஒப்பந்தத்தில் குறிப்பிடவில்லை என்றால், அது ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே என்று கொள்ளப்படும். சந்தேகம் இருந்தால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுவது நல்லது.

புத்தகத்தைப் படிக்காதீர்கள், சொல்லிக் கொடுங்கள்

முதல் முயற்சியில் நான் செய்த தவறு, புத்தகத்தைக் கையில் வைத்துக் கொண்டு வரி விடாமல் படித்ததுதான். முதல் அத்தியாயமே 40 நிமிடம் ஓடியது. கேட்டுப் பார்த்த மனைவி, "நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்குங்க. கடையில புதுசா வந்த பையனுக்குச் சொல்லிக் கொடுப்பீங்களே, அது மாதிரி பேசுங்க" என்றாள். இந்தக் கட்டுரையில் உள்ள அத்தனை குறிப்புகளிலும் இதுவே மேலானது.

அதன்பின் புத்தகத்தை மூடி வைத்தேன். ஒரு வெள்ளைத் தாளில், இதைக் கற்றுக் கொண்டவர் என்ன செய்யத் தெரிந்திருப்பார் என்று ஒவ்வொரு வரியாக எழுதினேன். தினசரி விற்பனையைப் பதிதல், கடன் வாடிக்கையாளருக்குத் தனிப் பக்கம் அமைத்தல், மூட்டைக் கணக்கில் சரக்கு இருப்பு காணல் என 34 வரிகள் வந்தன. ஒரு வரிக்கு ஒரு பாடம், ஒரு பாடம் ஐந்து நிமிடம். மொத்தம் இரண்டு மணி 50 நிமிடங்கள். புத்தகத்தில் இருந்த முன்னுரை, கணக்கியல் வரலாறு எல்லாம் வெளியே போயின. ஒருவருக்கும் அவை தேவைப்படவில்லை.

தேவையான சாதனங்கள்

கேமரா வாங்க வேண்டாம். என் பாடத்தில் திரைதான் தெரியும், முகம் தெரியாது. தையல், சமையல் போன்ற கைவேலை என்றால் மொபைல் போனை ஸ்டாண்டில் பொருத்தி, மேலிருந்து கைகள் தெரியும்படி எடுக்கலாம். ஆனால் மைக் அவசியம். படம் சற்று மங்கலாக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக் கொள்வார். பேச்சு கேட்கவில்லை என்றால் மூடிவிடுவார். சட்டைக் காலரில் மாட்டும் சிறிய மைக் 900 ரூபாய்க்கும், ஹெட்போன் 700 ரூபாய்க்கும் வாங்கினேன். என் மொத்த முதலீடு இந்த 1,600 ரூபாய்தான்.

பதிவின்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். அதன் சத்தம் நம் காதுக்குப் பழகிவிட்டது, மைக்கிற்குப் பழகவில்லை. நான் காலை ஐந்து மணிக்கு, பால்காரர் வருவதற்கு முன் பதிவு செய்வேன்.

திரையைப் பதிவு செய்திட

இதற்கு ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற இலவச புரோகிராம் உள்ளது. அதன் அதிகாரபூர்வ தளத்திலிருந்து மட்டும் டவுண்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடுங்கள். பின் கீழ்க்கண்டபடி செயல்படவும்.

1. புரோகிராமைத் திறந்தால் கீழே சோர்ஸஸ் என்ற கட்டம் தெரியும். அதில் உள்ள கூட்டல் அடையாளத்தில் கிளிக் செய்து, டிஸ்பிளே கேப்சர் என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கிளிக் செய்திடவும். உங்கள் திரை அப்படியே தெரியும்.

2. அருகில் ஆடியோ மிக்சர் கட்டத்தில் நீங்கள் பேசும்போது வண்ணக் கோடு ஒன்று ஓடும். சத்தமாகப் பேசும் இடங்களில் அது மஞ்சளைத் தொடலாம். சிவப்பைத் தொட்டால் மைக்கைச் சற்றுத் தள்ளி வைக்கவும்.

3. செட்டிங்ஸ் பிரிவில் அவுட்புட் சென்று, பதிவாகும் பைல் வகையாக எம்.கே.வி. என்பதைத் தேர்ந்தெடுக்கவும். இது ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்.

4. ஸ்டார்ட் ரெக்கார்டிங் பட்டனில் கிளிக் செய்து பேசத் தொடங்கவும். முடிந்ததும் ஸ்டாப் ரெக்கார்டிங் கிளிக் செய்திடவும்.

தொடக்கத்தில் நான் எம்.பி.4 வகையில் பதிந்து வந்தேன். பாட்டரி பழுதான லேப்டாப் என்பதால், ஒரு நாள் மின்சாரம் போனதும் கம்ப்யூட்டரும் நின்றுவிட்டது. அன்று காலை பதிந்தது அத்தனையும் திறக்க முடியாத பைலாகக் கிடந்தது. வழக்கமான எம்.பி.4 பைலில், அதைத் திறக்கத் தேவையான அட்டவணை பதிவு முடியும்போதுதான் எழுதப்படும். இடையில் நின்றால் அட்டவணை இல்லை, பைலும் இல்லை. எம்.கே.வி. வகையில் நின்ற இடம் வரை மிஞ்சும். பின்னர் பைல் மெனுவில் ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ் பிரிவில் அதனை எம்.பி.4 ஆக மாற்றிக் கொள்ளலாம். சில விநாடிகளே ஆகும், தரம் குறையாது.

இடம் எவ்வளவு பிடிக்கும் என்று கேட்பீர்கள். விநாடிக்கு 2,500 கிலோபிட் என்ற அளவில் பதிந்தால், ஒலியையும் சேர்த்து ஒரு நிமிடத்திற்கு ஏறத்தாழ 20 எம்.பி. என் 170 நிமிடப் பாடத்திற்குச் சுமார் 3.4 ஜி.பி. ஆயிற்று.

தேவையற்ற பகுதிகளை வெட்டிட விண்டோஸ் 11ல் கிளிப்சாம்ப் என்ற எடிட்டர் தரப்படுகிறது. இருமல், தடுமாற்றம், நீண்ட மௌனம் இவற்றை மட்டும் நீக்குங்கள். வேறு அலங்காரம் வேண்டாம்.

மூன்று எச்சரிக்கைகள்

ஒன்று, எழுத்தைப் பெரிதாக்குங்கள். பெரும்பாலானோர் மொபைல் போனில்தான் பார்ப்பார்கள். எக்ஸெல் திறந்தபின் கண்ட்ரோல் கீயை அழுத்திக் கொண்டு மவுஸ் வீலை உருட்டி, 150 சதவீதம் வரை பெரிதாக்கிவிட்டுப் பதியுங்கள்.

இரண்டு, பதிவின்போது வாட்ஸ்அப் போன்றவற்றை மூடிவிடுங்கள். என் ஒரு பாடத்தில், பேத்திக்குக் காய்ச்சல் என்ற செய்தி திரையில் வந்து நின்றது.

மூன்று, உண்மையான கணக்குகளைக் காட்டாதீர்கள். நான் பழக்க தோஷத்தில் பழைய கடைப் பேரேட்டிலிருந்தே உதாரணம் எடுத்திருந்தேன். யார் யார் எவ்வளவு பாக்கி என்பது பெயருடன் தெரிந்தது. நல்ல வேளையாக, வெளியிடும் முன் மகள் பார்த்துச் சொன்னாள். ஆறு பாடங்களைக் கற்பனைப் பெயர்களுடன் மீண்டும் பதிந்தேன்.

எங்கே விற்பது?

2010ல் தொடங்கப்பட்ட யுடெமி போன்ற பாடச் சந்தைகள் ஒரு வழி. அங்கு ஒரு பாடத்தில் குறைந்தது ஐந்து பகுதிகளும், மொத்தம் 30 நிமிட வீடியோவும் இருக்க வேண்டும். நீங்களே ஆள் பிடித்து உங்கள் கூப்பன் மூலம் விற்றால் பெரும்பகுதி உங்களுக்கு. தளமே ஆள் பிடித்துத் தந்தால் பாதிக்கும் குறைவாகத்தான் கிடைக்கும். பணம் பெற அமெரிக்க வரிப் படிவம் ஒன்றையும் நிரப்ப வேண்டும். விளம்பர வருமானத்தை நம்பி யூ டியூபில் போடுவது இன்னொரு வழி. ஆனால் நீண்ட வீடியோக்களில் விளம்பரப் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும்.

நான் எளிய வழியை எடுத்தேன். மூன்று பாடங்களை யூ டியூபில் இலவசமாகப் போட்டேன். 34 பாடங்களையும் கூகுள் டிரைவில் ஏற்றினேன். அங்கு 15 ஜி.பி. இலவசம் என்பதால் இடம் போதும். 499 ரூபாயை யு.பி.ஐ. மூலம் அனுப்பியவரின் ஜிமெயில் முகவரிக்கு மட்டும் பார்க்கும் அனுமதி தருவேன். ஷேர் செட்டிங்ஸ் பகுதியில் டவுண்லோட் செய்யும் வசதியை நீக்கிவிடலாம். இதை மீறிக் காப்பி எடுப்பவரை முழுமையாகத் தடுக்க முடியாது. அதற்கு அஞ்சினால் புத்தகமும் வெளியிட முடியாது.

திருத்த முடிவதே பெரிய லாபம்

2022 ஏப்ரலில் பாடத்தை வெளியிட்டேன். அதே ஆண்டு ஜூலை 18 முதல், 25 கிலோ வரையிலான லேபிள் ஒட்டிய பாக்கெட் பருப்புக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. என் 27ஆவது பாடம் தவறாகிவிட்டது. அன்று மாலையே புதிதாகப் பதிந்தேன். டிரைவில் அந்த பைலில் ரைட் கிளிக் செய்து, மேனேஜ் வெர்ஷன்ஸ் பிரிவில் புதிய பைலை ஏற்றினேன். லிங்க் மாறவில்லை, முன்பே வாங்கியவர்களும் புதிய பாடத்தையே பார்த்தனர். 2025 செப்டம்பர் 22 முதல் சோப், ஷாம்பு, பிஸ்கட் போன்றவை 18லிருந்து 5 சதவீதமானபோதும் இதே போல ஒரு பாடத்தை மாற்றினேன். 2017ல் 300 பிரதிகளை முடக்கிய அதே பிரச்னை, இப்போது ஒரு மாலை நேர வேலை.

எவ்வளவு கிடைத்தது?

முதல் ஆண்டில் 61 பேர் சேர்ந்தனர். 30,439 ரூபாய் வந்தது. இரண்டாம் ஆண்டில் 38 பேர், 18,962 ரூபாய். மாதம் லட்சம் சம்பாதிக்கலாம் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். "உங்கள் புத்தகத்தைக் கோர்ஸாக மாற்றித் தருகிறோம், 35,000 ரூபாய் கட்டுங்கள்" என்று ஒரு நிறுவனத்தார் எனக்கும் போன் செய்தனர். மேலே சொன்ன வேலைகள்தான் அவர்களும் செய்வது. விற்றுத் தருவதாக எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். அதன்பின் போன் வரவில்லை. வரும் வருமானத்தை உங்கள் வருமான வரிக் கணக்கில் காட்ட மறந்துவிடாதீர்கள்.

பரணில் இருந்த பிரதிகளில் மூன்றாவது பகுதியைப் பிரித்து எடுத்துவிட்டு, மீதியைப் பாடத்தில் சேருபவர்களுக்குப் பயிற்சிப் புத்தகமாக அனுப்புகிறேன். கையில் புத்தகத்தை வைத்துக் கொண்டு வீடியோ பார்ப்பது வசதியாக இருப்பதாகப் பலர் சொன்னார்கள்.

2023ல் வளையல்களை மீட்டுக் கொண்டு வந்தேன். மனைவி அவற்றை வாங்கிப் போட்டுக் கொண்டு, "அடுத்த பாடத்தை இனிமேல் என்னைக் கேட்டுட்டுப் பதியுங்க" என்றாள். அப்படியே செய்து வருகிறேன்.

உங்கள் பரணிலும் ஒரு கட்டு இருக்கிறதா? இன்றே இறக்கி, முதல் அத்தியாயத்திலிருந்து ஒரே ஒரு ஐந்து நிமிடப் பாடத்தைப் பதிந்து பாருங்கள். வீட்டில் உள்ள ஒருவரிடம் போட்டுக் காட்டுங்கள். அவருக்குப் புரிந்துவிட்டால் அடுத்ததைத் தொடங்கலாம்.