ஆட்டச்சட்டையின் எண்ணும் நடுகல்லும்

விளையாட்டிற் சிறந்தோரைப் போற்றும் வழிகள் பல. வெற்றிக் கிண்ணம் வழங்கலும், உருவப்படத்தை மண்டபத்தில் மாட்டலும், ஆடரங்கிற்கு அவர் பெயரை இடலும் யாவரும் அறிந்தனவே. இவற்றின் வேறாய், இக்காலத்திற் பரவிவரும் முறை ஒன்று உண்டு. ஒருவர் தம் சட்டையின் முதுகில் அணிந்து ஆடிய எண்ணை, அவர் ஆட்டத்தினின்று நீங்கியபின் வேறெவர்க்கும் வழங்காது நிறுத்திவைத்தலே அது. இதனை எண்ணுக்கு ஓய்வளித்தல் என்பர். ஏனைய சிறப்புக்கள் ஒருவர்க்கு ஒன்றைக் கொடுப்பன. இஃதோ பின்வருவார் அனைவரிடமிருந்தும் ஒன்றை விலக்கி வைப்பது. ஆதலின், கல்லூரிக் காற்பந்தாட்டக்காரருள் இச்சிறப்புக்கு உரியார் யாவர் என்பது ஆராய்ந்து தெளியவேண்டிய பொருளாகின்றது.

முதற்கண் எண்ணின் வரலாற்றைச் சிறிது காண்போம். ஆட்டக்காரர் முதுகில் எண் பொறிக்கும் வழக்கம் காற்பந்தில் மிகப் பழமையானதன்று. இங்கிலாந்தில் 1928ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 25ஆம் நாள் ஆர்சனல், செல்சி ஆகிய அணிகள் எண்ணிட்ட சட்டையுடன் களம் புகுந்தன. 1933ஆம் ஆண்டின் சங்கக் கிண்ண இறுதியாட்டத்தில் எவர்ட்டன் அணியினர் 1 முதல் 11 வரையும், மான்செஸ்டர் சிட்டி அணியினர் 12 முதல் 22 வரையும் எண் அணிந்தனர். அக்காலத்தில் எண் என்பது களத்தில் நிற்கும் இடத்தின் பெயரேயன்றி ஆளின் பெயர் அன்று. கோல் காப்பவர் யாவராயினும் அவர் 1. நடு முன்வரிசையில் நிற்பவர் யாவராயினும் அவர் 9. இடத்தின் பெயரை எவரும் ஓய்வு கொடுத்து அனுப்ப இயலாது. இங்கிலாந்தின் முதன்மைக் குழாத்தில் 1993ஆம் ஆண்டுமுதல் ஆண்டு முழுமைக்கும் ஆளுக்கு ஓர் எண் என்னும் முறை நிலைத்தது. எண் ஆளின் பெயரான பின்னரே, அவரோடு அதுவும் ஓய்வு பெறல் கூடும் என்னும் எண்ணம் காற்பந்தில் வேரூன்றியது.

வட அமெரிக்காவில் இவ்வெண்ணம் அதற்கு நெடுநாள் முன்னரே தோன்றிவிட்டது; அதிலும் கல்லூரி ஆட்டத்தில் தோன்றியது. அந்நாட்டார் காற்பந்து என்று வழங்குவது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறோர் ஆட்டம். இல்லினாய் சர்வகலாசாலையின் மாணவரான ரெட் கிரேஞ்ச் என்பார் 1924ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 18ஆம் நாள் மிச்சிகன் அணியை எதிர்த்து ஆடி, முதற் பன்னிரண்டு நிமிடங்களுள் நான்கு முறை பந்துடன் எதிரியின் எல்லையைக் கடந்தார். அடுத்த ஆண்டில் அவர் கல்லூரி ஆட்டத்தை விட்டு நீங்கவே, அவர் அணிந்த 77 என்னும் எண்ணும் நீங்கிற்று. அதன்பின் ஒரு நூற்றாண்டு கழிந்தும், அச்சர்வகலாசாலையின் காற்பந்தணியில் இச்சிறப்புப் பெற்ற மற்றோர் எண் டிக் பட்கசு என்பார் அணிந்த 50 ஒன்றே. அருமையே சிறப்புக்கு அழகு என்பதை அவர் நன்கு உணர்ந்தனர் போலும்.

நம் நாட்டில் இவ்வழக்கு மட்டைப்பந்தாட்டத்தின் வாயிலாகவே பலர்க்கும் தெரியலாயிற்று. சச்சின் டெண்டுல்கர் 2013இல் ஓய்வுபெற்றார். 2017ஆம் ஆண்டு கொழும்பு நகரில் இளம் பந்துவீச்சாளர் ஒருவர் அவருடைய 10ஆம் எண்ணை அணிந்து ஆட, அன்பர்கள் வெகுண்டனர். பின்னர் அவ்வெண் எவர்க்கும் வழங்கப்படவில்லை. 2023 டிசம்பரில் தோனியின் 7ஆம் எண்ணும் அவ்வாறே நிறுத்தப்பட்டதெனச் செய்தி வெளிவந்தது. தென்காசித் தெருக்களிற் பந்தெறியும் சிறுவனும் 7 என்றவுடன் அவரையே நினைப்பான். எண் ஒன்று பெயரினும் ஆழமாய்ப் பதியும் என்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டா.

இனி, தகுதி யாது என்பதை நோக்குவோம். கோல்களின் தொகையே தகுதி என்பர் ஒருசாரார். இக்கொள்கை கல்லூரிக்குப் பொருந்தாது. தொகையே அளவாயின் முன்வரிசையில் ஆடுவோர் மாத்திரமே போற்றப்படுவர். குற்றாலச் சாரற்காலத்தில் ஈரம் ஊறிய களத்தில் வழுக்கி வீழ்ந்தும் எழுந்தும் எதிரியைத் தடுத்து நின்ற பின்வரிசையாளனுக்கும், கோல் காத்தவனுக்கும் கணக்கேட்டில் ஒரு வரியும் இராது. அவர் தடுத்த கோல்களை எண்ணினார் எவருமிலர்.

வேறோர் அளவுகோலை நம் முன்னோரிடமிருந்தே பெறலாம் என்பது என் கருத்து. போரில் வீழ்ந்தார்க்குக் கல் நட்டு வழிபடும் முறையைத் தொல்காப்பியம் புறத்திணையியலில், கல்லைக் காணுதல் முதல் வாழ்த்துதல் ஈறாக ஆறு துறைகளாக வகுத்துரைக்கின்றது. 2006ஆம் ஆண்டில் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த மிகத் தொன்மையான நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று ஆகோட் பூசலில் இறந்தான் ஒருவனைச் சில சொற்களிலே குறிக்கின்றது. அவன் எத்துணைப் பேரை வென்றான் என்று அக்கல் கூறவில்லை. ஊரும் பேரும் நிகழ்ச்சியுமே கூறுகின்றது. வென்றோர் பலராக, கல் பெற்றோர் தம்மை இழந்தோரே. நடுகல்லின் இலக்கணம் இழப்பேயன்றித் திறமையன்று.

எண்ணுக்கு ஓய்வளித்தலின் தொடக்கத்திலும் இவ்விலக்கணமே காணப்படுகின்றது. கானடா நாட்டு டொராண்டோ நகரத்துப் பனிக்கட்டி ஹாக்கி அணியில் ஆடிய ஏசு பெயிலி என்பார், 1933 டிசம்பர் மாதம் 12ஆம் நாள் எதிரணியான் ஒருவன் மோதி வீழ்த்த, மண்டை உடைந்து சாவின் வாயிலிற் கிடந்தார். உயிர் பிழைத்தாராயினும் மீண்டும் ஆடினாரிலர். 1934 பெப்ருவரி 14ஆம் நாள் அவர் பொருட்டு நிதியாட்டம் ஒன்று நடைபெற்றது. அவ்வமயம் அவருடைய 6ஆம் எண்ணுக்கு ஓய்வளிக்கப்பட்டது. ஜாக்கி ராபின்சன் என்பாரின் சிறப்பும் இத்தகையதே. இக்காலப் பேசுபால் பெருங்குழாங்களில் கறுப்பினத்தார்க்கு அடைத்திருந்த கதவை 1947இல் திறந்து, வசைமொழிகளைப் பொறுத்து ஆடிய அவருடைய 42ஆம் எண்ணை, ஐம்பதாண்டு நிறைந்த 1997இல் அப்பெருங்குழாங்களின் எல்லா அணிகளும் ஒருங்கே நிறுத்தின. 2025 ஜூலையில் விபத்தில் மாண்ட தியோகோ யோட்டாவின் 20ஆம் எண்ணை லிவர்பூல் அணி நிறுத்தியதும் நடுகல் நடுதலை ஒத்த செயலே.

ஆயின் ஈண்டு ஒரு தடை எழும். நடுகல் ஊர்ப்புறத்தே நிற்பது. அது பின்வருவானுடைய நிலத்தைக் கவர்ந்துகொள்வதில்லை. எண்ணோ அத்தகையதன்று. கல்லூரியில் உள்ள சட்டைகள் சிலவே. அவை மாணவனுடைய உடைமையுமல்ல, கல்லூரியின் உடைமை. தனக்கென ஒரு காலணி வாங்கவும் பொருளின்றி முதலாண்டிற் சேரும் மாணவன் ஒருவனுக்கு, பெரியார் ஒருவர் அணிந்த எண் தன் முதுகில் ஏறுவதே பெருஞ்செல்வமாம். அதனைப் பெட்டியில் வைத்துப் பூட்டுதல் அவனுக்கு நட்டமன்றோ? உலகக் கிண்ணப் போட்டியிலும் இத்தடை எழுந்தது. 2002ஆம் ஆண்டில் மாரடோனாவின் 10ஆம் எண்ணை ஒழித்துவைக்க அர்செந்தீனா நாட்டார் விழைந்தனர். எண்கள் 1 முதல் 23 வரை இடையறாது வருதல் வேண்டும் என்று உலகச் சங்கம் மறுக்கவே, ஒர்த்தேகா என்பார் அதனை அணிந்து ஆடினார்.

மிச்சிகன் சர்வகலாசாலையின் வரலாறும் இவ்விடர்ப்பாட்டையே காட்டும். விசுடர்ட் உடன்பிறந்தார் மூவர் ஒருவர்பின் ஒருவராய் அணிந்த 11, பின்னாளில் நாட்டுத் தலைவரான செரால்டு போர்டு அணிந்த 48 முதலிய எண்களை அங்கு நிறுத்தியிருந்தனர். 2012இல், பழையவரின் பெயர் தாங்கிய சிறு முத்திரையுடன் அவ்வெண்களை மீண்டும் மாணவர்க்கு வழங்கலாயினர். 2015இல் அம்முறையைக் கைவிட்டு மறுபடியும் நிறுத்தினர். பேரணிகளும் பெருஞ்செல்வமும் உடைய இடத்திலேயே இவ்வினாவிற்கு விடை எளிதில் அமையவில்லை.

எனினும் இத்தடைக்கு விடை முன் கூறிய பெயிலியின் வாழ்க்கையிலேயே கிடைக்கின்றது. தம் எண் நிறுத்தப்பட்டு முப்பத்துநான்கு ஆண்டுகள் கழிந்தபின், 1968இல், ரான் எல்லிசு என்னும் இளைஞரின் நேரிய ஆட்டத்தைக் கண்டு உவந்த அவர், அவ்வெண்ணை எல்லிசுக்கு வழங்குமாறு தாமே அணியினரைக் கேட்டுக்கொண்டார். சிறப்பைப் பெற்றவரே அதனைத் தகுதியுடைய இளையவர்க்கு ஈந்தார்; அதனால் அவர் பெயர் மறைந்துவிடவில்லை, இரட்டித்தே நின்றது.

தென்காசியிற் பிறந்தார்க்கு இச்செயல் புதுமையாய்த் தோன்றாது. பதினைந்தாம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலை எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், இக்கோயிலுக்குப் பின்னாளிற் கேடு நேருமாயின் அதனை நீக்கிக் காப்பவர் எவராயினும் அவரைத் தான் பணிவதாகக் கல்லிற் பொறித்துள்ளான். கட்டிய மன்னன் தன்னைப் பிறர் பணிக என்று கேட்கவில்லை. இன்னும் பிறவாத ஒருவனை முன்கூட்டியே பணிந்தான். சிதைந்து நெடுங்காலம் நின்ற அக்கோயிற் கோபுரம் 1990இல் மீண்டும் நிமிர்ந்து குடமுழுக்குக் கண்டபோது, அவ்வணக்கம் உரியாரைச் சேர்ந்தது. ஒரு செயலின் பெருமை அதனைத் தொடர்ந்து நடத்துவாரைப் பொறுத்தது என்பதை அம்மன்னன் அறிந்திருந்தான்.

இவற்றால் நாம் துணியத்தக்கன மூன்று. ஒன்று, கல்லூரியில் எண்ணுக்கு ஓய்வளித்தல், அணியின்பொருட்டு உயிரையோ உடல்நலத்தையோ இழந்தார்க்கும், பிறர் ஆடுதற்கு வழி திறக்கத் தாம் இழிவு பொறுத்தார்க்கும் மட்டுமே உரியதாகுக. இரண்டு, கைதட்டும் ஆரவாரம் அடங்கும்முன் அதனைத் துணிதல் வேண்டா; பத்தாண்டேனும் கழிந்தபின் நினைவில் நிற்பவரே நிற்பவர். மூன்று, ஏனைய சிறந்த ஆட்டக்காரரின் எண்கள் கைம்மாறி வழங்கிவருக. அதற்குத் துணையாக விளையாட்டறையில் ஓர் ஏடு வைத்து, ஒவ்வோர் எண்ணின்கீழும் அதனை அணிந்தார் பெயர், ஊர், ஆண்டு, நின்ற இடம் ஆகியவற்றை எழுதிவருதல் நன்று. முன்வரிசையானும் பின்வரிசையானும் கோல் காத்தவனும் அதில் ஒரே அளவில் ஒரு வரி பெறுவர்.

ஐந்தருவியில் இவ்வாண்டு விழும் நீர் சென்ற ஆண்டின் நீரன்று. எனினும் அருவி அதுவே. எண்ணும் அத்தகையதாய் இருத்தல் கூடும். ஆண்டின் தொடக்கத்தில் புதிய மாணவனிடம் சட்டையைக் கொடுக்கும்போது, அவ்வேட்டைத் திறந்து, தனக்கு முன்னர் அதனை அணிந்தார் பெயர்களை அவனே உரக்கப் படிக்குமாறு செய்க. பின்னர் அவன் களத்தில் இறங்குக. இவ்வழக்கத்தை நம் கல்லூரி மேற்கொள்ளுமாயின், அஃது எண்களைப் பூட்டிவைப்பதினும் பெரிய சிறப்பாகும் என்பது என் துணிபு.