இடமறிந்து நிறுத்து!

நண்பர்களே, ஒரு கணக்கு. 1, 2, 3, 4, 5, 6 ஆகிய ஆறு இலக்கங்களையும் ஒரே ஒரு முறை பயன்படுத்தி, இரண்டு மூன்றிலக்க எண்கள் எழுத வேண்டும். அவற்றின் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வர வேண்டும்.

வேலைக்கான போட்டித் தேர்வுகளில் இந்த மாதிரிக் கேள்வியைப் பார்த்ததும், "இதெல்லாம் கோச்சிங் போனவங்களுக்குத்தான் வரும்" என்று நம்மில் பலர் விட்டுவிடுகிறோம். கோச்சிங்குக்குப் பணம் கட்ட எல்லார் வீட்டிலும் முடியாது. ஆனால் இதற்கு ஆரம்பப் பள்ளியில் படித்த இடமதிப்பே போதும்.

முதலில் தோன்றுவது 123 + 456 = 579. இது சரியான விடை அல்ல. அதற்காக எல்லாவற்றையும் போட்டுப் பார்க்கலாம் என்றால், ஆறு இலக்கங்களை 720 விதமாக அடுக்கலாம்! யோசிப்பதுதான் சுலபம்.

பழைய தமிழ் எண் முறையில் பத்துக்கும் நூறுக்கும் தனிக் குறிகள் உண்டு. 135 என்பதை ௱௩௰௫ என்று எழுதினார்கள். இன்றைய முறையில் அந்தக் குறிகளின் வேலையை இலக்கம் நிற்கும் இடமே செய்கிறது. 4 என்பது ஒன்றாம் இடத்தில் வெறும் 4. நூறாம் இடத்தில் 400.

அப்படியானால் செலவு அதிகமான நூறாம் இடத்தில் யாரை நிறுத்துவது? மிகச் சிறிய 1, 2 இரண்டையும்தான். பத்தாம் இடத்தில் 3, 4. ஒன்றாம் இடத்தில் 5, 6.

135 + 246 = 381.

இதில் 2-ஐயும் 4-ஐயும் இடம் மாற்றினால் 135 + 426 = 561. ஒரே மாற்றத்தில் 180 கூடிவிட்டது! ஆனால் 3-ஐயும் 4-ஐயும் மாற்றிப் பாருங்கள்: 145 + 236, அதே 381. ரெண்டும் பத்தாம் இடத்திலேயே இருப்பதால் கூட்டுத்தொகை அசையவில்லை.

சரி, 0 முதல் 5 வரை கொடுத்தால்? 0 சிறியதுதான் என்று நூறாம் இடத்தில் வைத்தால் அது மூன்றிலக்க எண்ணே ஆகாது. எனவே நூறாம் இடத்துக்கு 1, 2. பத்தாம் இடத்துக்கு 0, 3. மீதி 4, 5. விடை 104 + 235 = 339. 381-ஐ மட்டும் மனப்பாடம் பண்ணியவர் இங்கே திணறுவார். காரணம் தெரிந்தவர் போட்டுவிடுவார்.

உங்களுக்கு ஒன்று: 1 முதல் 5 வரை உள்ள இலக்கங்களால் ஒரு மூன்றிலக்க எண், ஓர் ஈரிலக்க எண். குறைந்த கூட்டுத்தொகை 159. எப்படி என்று பக்கத்தில் இருக்கும் நண்பருக்கும் சொல்லிக் கொடுங்கள்!