ஹெட்போனுக்கு ஆம்ப் தேவைதானா?

சென்ற ஆண்டு பொங்கல் ஒன்றுகூடல் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, முதலாம் ஆண்டு மாணவர் ஒருவர் தம் கைத்தொலைபேசியை என் முன் நீட்டினார். அதில் இரண்டு கறுப்புப் பெட்டிகளின் படம். ஒன்று 'டேக்', மற்றொன்று 'ஆம்ப்'. இரண்டும் சேர்த்து 480 வெள்ளி.

"அண்ணே, இத வாங்கினா பாட்டு இன்னும் நல்லாக் கேக்குமா?"

நான்கு மாதம் துணைப்பாடம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணம் அது. மறுநாளே சிம் லிம் ஸ்குவேருக்குப் போவதாக இருந்தார். நான் உடனே பதில் சொல்லவில்லை. காரணம், மாணவனாக இருந்தபோது நானும் இதே கேள்வியோடு ஒரு கடைக்குப் போய், விடை தெரியாமலேயே பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தவன். அந்தப் பெட்டி இன்றும் என் அலமாரியில் தூங்குகிறது. அன்றிரவு அந்தத் தம்பிக்கு நான் விளக்கியதைத்தான் இங்கு சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் இந்த இரண்டும் என்ன என்பதைப் பார்ப்போம். கணினியிலும் கைத்தொலைபேசியிலும் பாட்டு வெறும் எண்களாகவே இருக்கிறது. 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டு, ஒலியலையை விநாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளில் ஒன்றாகக் குறித்து வைத்தது. அந்த எண்களை மீண்டும் மின்னலையாக மாற்றுவது டேக்கின் வேலை. அந்த மின்னலைக்கு ஹெட்போனை அசைக்கும் வலுவைத் தருவது ஆம்ப்பின் வேலை. ஆக, "எனக்கு டேக்கும் ஆம்ப்பும் தேவையா?" என்ற கேள்வியே சற்றுப் பிழையானது. அவை இல்லாமல் யாருமே பாட்டுக் கேட்க முடியாது! உங்களிடம் ஏற்கெனவே இருப்பவை போதுமா என்பதே கேள்வி.

கணினியில் இவை எப்போதும் இருந்ததில்லை. ஒரு காலத்தில் அது 'பீப்' என்று கத்த மட்டுமே தெரிந்த பெட்டி. அந்த நிலையை மாற்றியதில் நம் ஊருக்குப் பெரும் பங்குண்டு. 1981இல் சைனாடவுன் பேர்ல்ஸ் சென்டரில் சிறு கடையாகத் தொடங்கிய கிரியேட்டிவ் டெக்னாலஜி, 1989இல் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர் அட்டைதான் உலகெங்கும் கணினிகளைப் பாட வைத்தது. இன்று அந்த அட்டையின் வேலையை நகக்கண் அளவுள்ள ஒரு சில்லு செய்துவிடுகிறது. 2016இல் ஐபோன் 7 காதுத் துளையைக் கைவிட்டபோது, அந்தச் சில்லு ஒரு சிறு கம்பியின் முனைக்கே இடம் மாறியது. இருபது வெள்ளிக்கும் குறைவாகக் கிடைக்கும் ஆப்பிள் இணைப்புக் கம்பி வெறும் கம்பியன்று. அதற்குள் ஒரு டேக்கும் ஓர் ஆம்ப்பும் அடக்கம். புளூடூத் ஹெட்போன் வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையை இத்துடன் மூடி வைத்துவிடலாம். கம்பியில்லாமல் கேட்கும்வரை அந்த இரண்டும் ஹெட்போனுக்குள்ளேயே வேலை செய்கின்றன. வெளியே என்ன வாங்கி வைத்தாலும் பயனில்லை.

இனி ஆம்ப்புக்கு வருவோம். ஹெட்போன் பெட்டியில் இரண்டு எண்கள் அச்சாகியிருக்கும். ஒன்று 'ஓம்' என்னும் மின்னெதிர்ப்பு. மற்றொன்று 'டெசிபல்' என்னும் உணர்திறன். பலரும் முதல் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்கிறார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

சென்ஹைசர் எச்டி 600ஐ எடுத்துக்கொள்வோம். 1997இல் வந்து இன்றும் பேசப்படும் ஹெட்போன் இது. மின்னெதிர்ப்பு 300 ஓம். 1 வோல்ட் கொடுத்தால் 97 டெசிபல் ஒலி எழும். அந்தத் தம்பியிடம் இருந்ததோ ஆடியோ டெக்னிக்கா எம்50எக்ஸ். 38 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 99 டெசிபல். ஒன்று வோல்ட்டில், மற்றொன்று மில்லிவாட்டில் சொல்லப்பட்டிருப்பதால் இரண்டும் ஏறக்குறைய சமம் போலத் தோன்றும். ஆனால் 38 ஓமுக்கு ஒரு மில்லிவாட் செலுத்த சுமார் 0.2 வோல்ட்டே போதும். அதற்கும் 1 வோல்ட் கொடுத்தால் ஒலி 113 டெசிபலைத் தொடும். காது கிழிந்துவிடும்!

எவ்வளவு ஒலி நமக்கு வேண்டும்? வீட்டில் நிதானமாகக் கேட்பவருக்குச் சராசரி 75 டெசிபல் தாராளம். பாட்டில் மேளமோ தவிலோ திடீரென்று எழும் இடங்களுக்கு மேலும் 20 டெசிபல் வைத்தால் 95. ஆப்பிள் கம்பியின் உச்ச வெளியீடு சுமார் 1 வோல்ட். எம்50எக்ஸுக்கு அது தேவைக்கு மேல் பல மடங்கு. எச்டி 600க்குக்கூட மயிரிழையில் போதும். தாழ்ந்த ஒலியில் பதிவான பழைய கச்சேரிகளைக் கேட்பவருக்கும் சத்தமாகக் கேட்பவருக்கும் மட்டும் போதாமல் போகலாம். (ஐரோப்பாவில் விற்கப்படும் அதே கம்பி இதில் பாதியளவே தருகிறது. சில ஆண்டிராய்டு கைத்தொலைபேசிகளில் செருகினாலும் ஒலி மிகத் தாழ்ந்து கேட்கும். வாங்குமுன் செருகிப் பாருங்கள்.)

"ஓம் குறைந்தால் இயக்குவது எளிது" என்று கடைகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எப்போதும் அப்படியில்லை. ஹைஃபைமேன் எச்இ-6 வெறும் 50 ஓம்தான். ஆனால் அதன் உணர்திறன் மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல். 110 டெசிபல் உச்சத்தைத் தொட அதற்கு ஏறத்தாழ 4.7 வோல்ட்டும் 95 மில்லிஆம்பியர் மின்னோட்டமும் தேவை. 300 ஓம் எச்டி 600க்கு அதே உச்சத்திற்கு 4.5 வோல்ட், 15 மில்லிஆம்பியர் போதும். அதாவது எச்இ-6 கேட்கும் திறன் ஆறு மடங்குக்கும் மேல். இத்தகைய ஹெட்போன் உங்களிடம் இருந்தால் ஆம்ப் ஆடம்பரமன்று, அவசியம்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் ஒன்று உண்டு. காதுக்குள் செருகும் சிறு கருவிகள் சிலவற்றின் மின்னெதிர்ப்பு, சுரத்துக்குச் சுரம் மாறும். ஓரிடத்தில் 8 ஓம், வேறோரிடத்தில் 40 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை இயக்கும் ஆம்ப்பின் சொந்த மின்னெதிர்ப்பு 10 ஓமாக இருந்தால், அந்த இரு இடங்களுக்கும் இடையே 5 டெசிபல் ஏற்றத்தாழ்வு வந்துவிடும். பாட்டின் நிறமே மாறிவிடும். ஆம்ப் 1 ஓமாக இருந்தால் வேறுபாடு 1 டெசிபலுக்கும் கீழ். ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் ஆம்ப்புக்கு இருக்கக் கூடாது என்பது இத்துறையினர் கைக்கொள்ளும் கணக்கு. வலுவான பெரிய ஆம்ப் வாங்கி அதில் நுண்ணிய காதுக்கருவியைச் செருகியவர்கள், பாட்டுக்குப் பின்னால் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலைக் கேட்டு நொந்ததும் உண்டு.

டேக் விஷயத்தில் நான் இன்னும் கறாரானவன். நல்ல முறையில் செய்யப்பட்ட இரண்டு டேக்குகளுக்கிடையே என் காது வேறுபாடு காணும் என்று நானும் ஒரு காலத்தில் சத்தியம் செய்தேன். விடுதி நண்பர் ஒருவர், "நிரூபிச்சுக் காட்டு" என்றார். 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கோப்பை ஓடவிட்டு, இரண்டின் வெளியீட்டையும் மல்டிமீட்டரால் சமப்படுத்தினோம். இது முக்கியம். அரை டெசிபல் சத்தம் கூடினாலே அது 'தெளிவாக' இருப்பதாக மனம் சொல்லும். பிறகு நான் திரும்பி உட்கார்ந்துகொள்ள, அவர் மாற்றி மாற்றிச் செருகினார். இருபது முறையில் பதினொன்று சரி. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் பத்து வந்திருக்கும். என் ஒருவன் காதை வைத்து உலகுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாதுதான். ஆயினும் அதன்பின் நான் டேக்குக்கென்று பெரும்பணம் செலவழிக்கவில்லை.

தனி டேக் உண்மையாகவே கைகொடுக்கும் இடம் ஒன்றுண்டு. மடிக்கணினிக்குள் விசிறியும் மின்சுற்றுகளும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. அவற்றின் மின் இரைச்சல் காதுத் துளை வழியாகக் கசியும். எலியை நகர்த்தும்போது கீச்சுச் சத்தம், மின்னேற்றியைச் செருகியவுடன் ரீங்காரம் கேட்டால், ஒலியை மாற்றும் வேலையைப் பெட்டிக்கு வெளியே கொண்டுபோவதே மருந்து. அதற்கும் அந்தச் சிறு கம்பியே பெரும்பாலும் போதும்.

மறுநாள் தம்பியின் விடுதி அறைக்குப் போனேன். "என்னதான் குறை?" என்று கேட்டேன். ரீங்காரம் கேட்கிறது, பேஸ் இல்லை, ஒலியை முழுதாக ஏற்றினாலும் 'பத்தல' என்றார். மின்னேற்றியைக் கழற்றினோம், ரீங்காரம் நின்றது. பேஸ் இல்லாததற்குக் காரணம் ஹெட்போனிலேயே இருந்தது. இரண்டாம் கையாக வாங்கியது. காதைச் சுற்றியிருந்த பஞ்சு உறை நைந்து, அவருடைய மூக்குக்கண்ணாடிக் கம்பியின் அருகே இடைவெளி விட்டிருந்தது. அந்த இடைவெளி வழியே தாழ்ந்த சுரங்கள் எல்லாம் ஒழுகிவிடும். எந்த ஆம்ப்பாலும் அதை அடைக்க முடியாது.

மூன்றாவது குறைதான் என்னைக் கவலைப்படுத்தியது. 113 டெசிபல் வரை போகக்கூடிய ஹெட்போன் ஒருவருக்குப் பத்தவில்லை என்றால் என்ன பொருள்? எம்ஆர்டி இரைச்சலை வெல்ல ஏற்றி ஏற்றிப் பழகிவிட்டதாகச் சொன்னார். இரவில் காதில் ஓசை கேட்கிறதா என்றேன். "சில நேரம்" என்றார். உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் வெளியிட்ட தரநிலை, பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் 80 டெசிபல் என எல்லை வகுக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்திற்கும் நேரம் பாதியாகும். 92 டெசிபலில் வாரத்துக்கே இரண்டரை மணி நேரம்தான். வளாகத்துக்கு வந்து போகும் ஒன்றரை நாள் பயணத்தில் அது தீர்ந்துவிடும். இவருக்குப் போய் இன்னும் வலுவான ஆம்ப்பை வாங்கிக்கொடுப்பதா?

கடைக்குப் போனோம். கறுப்புப் பெட்டிகள் இரண்டும் கண்ணாடிக்குப் பின்னால் அழகாகத்தான் இருந்தன. தம்பி சற்று நேரம் நின்று பார்த்தார். பிறகு ஓர் இணைப்புக் கம்பியும் ஒரு சோடி பஞ்சு உறையும் வாங்கினார். காது பரிசோதனைக்கு அடுத்த வாரமே பெயர் பதிந்துகொள்ளும்படி சொன்னேன். என் கண்முன்னே பதிந்தார். திரும்பும் வழியில் உறையை மாற்றி, ஒலியைப் பாதியில் வைத்து, ஹெட்போனை என் தலையில் மாட்டினார். பேஸ் இருந்தது.