ஹெரால்டு காருக்கு அலாய் வீல்: ‘மாட்டிருச்சு’ன்னா போதுமா? தூத்துக்குடி காத்துல எதையெல்லாம் பார்க்கணும்?

பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றைத் தேடிப்பிடித்து, பெயின்ட் அடித்து, சீட் உறை மாற்றி முடித்ததும் பலருக்கும் அடுத்து வரும் ஆசை அலாய் வீல். காரின் வீல் 13 இன்ச், நான்கு போல்ட். இன்று ஓடும் ஹூண்டாய் ஐ10, மாருதி ஸ்விஃப்ட் வீல்களும் நான்கு போல்ட்தான். "அதெல்லாம் மாட்டிரலாம் அண்ணாச்சி" என்று டயர் கடையில் சொல்லிவிடுவார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இது எந்த கார்?

இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டை, 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் தயாரித்தது. தூத்துக்குடி கடலில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பும் அதே 1961-ல்தான். இதே ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கித்தான் 1962-ல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. இரண்டுக்கும் பாடி வரைந்தவர் இத்தாலியின் மிக்கெலோட்டி. வீல் அளவும் முன்பக்க அமைப்பும் ஏறக்குறைய ஒன்று. அதனால் ஸ்பிட்ஃபயருக்கு என்று வெளிநாட்டில் விற்கும் அலாய் வீல்கள் நம்ம ஊர் ஹெரால்டுக்கும் சரியாக வரும். உள்ளூர் கடையில் தொங்கும் வீல்கள் அப்படி அல்ல.

95.25-க்கும் 100-க்கும் என்ன பெரிய வித்தியாசம்?

நான்கு போல்ட்டுகளின் மையம் வழியாக ஒரு வட்டம் போட்டால் அதன் விட்டம்தான் பி.சி.டி. ஹெரால்டில் இது 3¾ இன்ச், அதாவது 95.25 மில்லிமீட்டர். ஐ10, ஸ்விஃப்ட் வீல்களில் 100. பழைய ஃபியட் பாலியோவில் 98.

100 வீலை 95.25 ஹப்பில் வைத்தால் ஒவ்வொரு போல்ட்டும் ஓட்டையின் மையத்தை விட்டு சுமார் 2.4 மில்லிமீட்டர் விலகி நிற்கும். ஹெரால்டின் போல்ட் 3/8 இன்ச், அதாவது 9.5 மில்லிமீட்டர்தான். இன்றைய வீல்களின் ஓட்டை 12 மில்லிமீட்டர் போல்ட்டுக்காகப் போட்டது. போல்ட் ஒல்லி, ஓட்டை பெரிது என்பதால் கொஞ்சம் தட்டினால், அல்லது அரத்தால் லேசாக ராவினால், வீல் உள்ளே போய்விடும். ‘மாட்டிருச்சு’ என்பதன் அர்த்தம் இவ்வளவுதான்.

உள்ளே போனதும் நட்டின் கூம்பு முனை ஓட்டையின் ஒரு பக்கத்தில் மட்டும் உட்காரும். மறுபக்கம் காற்று. நட்டை முறுக்கும்போது இறுகியது போலவே கைக்குத் தெரியும். ஓட ஓட அந்த ஒரு ஓரம் நசுங்கும், நட் தளரும், போல்ட் வளைந்து வளைந்து களைத்து ஒருநாள் முறியும். முதல் போல்ட் போனால் மிச்சம் மூன்றுக்கும் சுமை ஏறும்.

வாங்கும் முன் நாமே அளந்து பார்க்கலாம். ஒரு போல்ட்டின் வெளி ஓரத்திலிருந்து, நேர் எதிர் போல்ட்டின் உள் ஓரம் வரை வெர்னியர் வைத்து அளந்தால் அதுதான் பி.சி.டி. டேப் வைத்து ‘கிட்டத்தட்ட நூறு’ என்று முடிவு செய்யக்கூடாது.

நட்டை எத்தனை சுற்று சுற்ற முடிகிறது?

அலாய் வீலின் நடுப்பகுதி இரும்பு வீலைவிட ரொம்பத் தடிமன். இரும்பு வீலுக்காக வைத்த போல்ட் அதில் பெரும்பாலும் எட்டாது. போல்ட்டின் விட்டம் அளவுக்காவது நட்டுக்குள் மரை பிடித்திருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. இன்ச்சுக்கு 24 மரை உள்ள 3/8 போல்ட்டில் அது 9 முழுச் சுற்று. விரலால் திருப்பி எண்ணிப் பாருங்கள். ஐந்து சுற்றில் நின்றுவிட்டால், நீளமான புதிய போல்ட் போடாமல் அந்த வீலை மாட்டக்கூடாது. 50 வருடம் பழைய போல்ட்டை யார் எவ்வளவு முறுக்கினார்களோ, எப்படியும் மாற்றுவதே நல்லது. வீலைத் தள்ளி வைக்க நடுவில் ஸ்பேசர் தட்டு போட்டால், அதுவும் இந்த நீளத்தைத்தான் தின்னும்.

நட்டும் வீலோடு சேர்ந்தே வர வேண்டும். சில அலாய் வீலுக்குக் கூம்பு நட், சிலதுக்கு உருண்டை முனை, மினிலைட் மாதிரி சில வீல்களுக்கு வாஷரோடு வரும் நேர் நட். மாற்றிப் போட்டால் உட்காராது.

அப்புறம் ஏர் கன். ஹெரால்டின் வீல் நட்டுக்கு வேண்டியது சுமார் 40 பவுண்டு அடி, அதாவது 55 நியூட்டன் மீட்டர் அளவு முறுக்குதான். இன்றைய கார்களுக்கு வைக்கும் முறுக்கை வைத்தால் 3/8 போல்ட் இழுபட்டுவிடும். கையால் போட்டு, எதிரெதிராக இறுக்கி, டார்க் ரெஞ்சால் முடிக்க வேண்டும். 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும்.

அகல வீல் அழகுதான், ஆனால்...

ஆரம்பத்தில் இந்தக் காரின் இரும்பு வீல் அகலம் வெறும் 3½ இன்ச். இன்று சுலபமாகக் கிடைக்கும் 155/80 ஆர்13 டயருக்கு நாலரை இன்ச் அகலம் தாராளம். அதற்கு மேல் அகலப்படுத்தி, வீலை வெளியே தள்ளத் தள்ள, பேரிங்குக்கும் முன் சக்கர அச்சுக்கும் நெம்புகோல் போல் சுமை கூடும். முன்பக்கம் கீழே இருக்கும் வெண்கல டிரன்னியன்தான் இந்தக் காரின் பலவீனம். அதற்குக் கிரீஸ் அல்ல, கியர் ஆயில் விட வேண்டும். பல வருடம் விடாமல் காய்ந்துபோன டிரன்னியன், வளைவில் திரும்பும்போது உடைந்தால் முன் சக்கரம் அப்படியே மடங்கிவிடும். ஆகவே அலாய் வீலுக்குக் காசு செலவழிக்கும் முன் அதைக் கழற்றிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

பின்பக்கம் ஹெரால்டில் ஸ்விங் ஆக்ஸில். திடீரென்று திருப்பினால் பின் சக்கரம் உள்ளே மடியும் குணம் அதற்கு உண்டு. பிடிப்பு அதிகமான அகல டயர் அதைச் சரிசெய்யாது. பின்னால் வந்த ஸ்டாண்டர்டு கெஸலில் இதை எடுத்துவிட்டு நேர் ஆக்ஸில் வைத்தார்கள். உங்களிடம் இருப்பது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டியதும் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, பின் சீட்டில் ஆட்களை உட்கார வைத்து, டயர் எங்காவது உரசுகிறதா என்று பார்க்காமல் கடையை விட்டுக் கிளம்பக்கூடாது.

தூத்துக்குடியில் மட்டும் கூடுதலாக என்ன?

உப்பு. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம், ரோட்டில் உப்பு லாரி. அலுமினிய வீலும் இரும்பு ஹப்பும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால் அது ஒரு குட்டி பேட்டரி மாதிரி வேலை செய்யும், அரிக்கப்படுவது அலுமினியம். வெள்ளைப் பொடி பூத்து வீல் ஹப்போடு ஒட்டிக்கொள்ளும். நடுரோட்டில் பஞ்சர் ஆனால் நட்டைக் கழற்றியும் வீல் வராது. டயர் விளிம்பு உட்காரும் இடத்தில் அரித்தால், காரணமே தெரியாமல் காற்று இறங்கிக்கொண்டே இருக்கும்.

ஹப்பின் துருவைச் சுரண்டி எடுத்து, வீல் உட்காரும் முகத்தில் மட்டும் அலுமினியம் அல்லது செராமிக் கலந்த ஆன்டி சீஸ் பசையை மெல்லிசாகப் பூசலாம். செம்பு கலந்தது வேண்டாம். போல்ட் மரையில் எதுவும் தடவக்கூடாது, வழுக்கினால் அதே ரெஞ்ச் அளவில் முறுக்கு அதிகமாக ஏறிவிடும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் வீலின் உள்பக்கத்தையும் கழுவுங்கள். அந்தக் காலத்து அசல் மெக்னீசியம் வீல் எங்காவது கிடைத்தால் ஷோகேஸில் வையுங்கள், கடற்கரை ஊரில் ஓட்ட வேண்டாம்.

ஆர்.டி.ஓ. என்ன சொல்வார்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 50 வயது தாண்டிய கார்களுக்கு 2021 முதல் ‘விஏ’ எழுத்துகளோடு விண்டேஜ் பதிவு உண்டு. அதற்கு சேஸிஸ், பாடி, என்ஜின் மாறாமல் அசலாக இருக்க வேண்டும். வீல் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் பதிவுக்குப் போகும்போது அசல் இரும்பு வீலோடு போவதே வம்பில்லாதது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் மாற்றத்தை எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

அசல் வீல்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி இரும்பு வீல்தான் என்றால், அலாய் வீலின் நட் அதற்குச் சேராது. பழைய நட் நான்கையும் ஒரு துணிப்பையில் முடிந்து ஸ்டெப்னியோடு கட்டி வையுங்கள்.